இலவச ஆன்லைன் கேமில் அழுகுணி ஆட்டமா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இது கேம் ஆடுபவர்களுக்கு அல்ல, கேம் நடத்துபவர்களுக்கு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை இலவசமாக வெளியிட்டிருக்கிறீர்கள். ஸ்கின் (பாத்திரம், ஆயுதங்களுக்கான அலங்காரத் தோற்றம்) விற்றுச் செலவை ஈடுகட்டுகிறீர்கள். திடீரென்று ரிவ்யூ பகுதி முழுக்க "ஹேக்கர் தொல்லை தாங்கல" என்று நிரம்பத் தொடங்குகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரும்பாலான குழுக்கள் உடனே கள்ளாட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் தேடிப் போகும். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. காசு கொடுத்து வாங்கும் கேமில் ஒருவனைத் தடை செய்தால் அவன் போட்ட காசு போச்சு. இலவச கேமில் அவன் இழப்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. எனவே முதலில் உங்கள் சர்வர் எதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது என்று பாருங்கள். அடுத்து, ஒரு அக்கவுண்டை இழப்பது வலிக்கும்படி செய்யுங்கள். ஆளைப் பிடிப்பது அதற்கப்புறம்தான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பதிவுகள் வேண்டும். மேட்ச் எண், ஒவ்வொருவரும் அனுப்பிய கட்டளைகள், அந்த நேரத்து பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), பாக்கெட் இழப்பு (வழியில் தொலைந்த தரவு), சர்வர் எடுத்த முடிவு ஆகியவை குறைந்தது இரண்டு வாரத்துக்காவது இருக்கட்டும். கட்டளைகளைச் சேமித்தாலே ரீப்ளேயைத் திரும்ப ஓட்ட முடியும்; வீடியோ தேவையில்லை. இது இல்லையென்றால் கீழே உள்ள எதையும் சோதிக்க முடியாது.

"சுவருக்குப் பின்னாடி வந்த அப்புறமும் செத்துட்டேன்"

இந்தப் புகாரை முதலில் வைக்கக் காரணம், இதில் பெரும்பாலும் கள்ளாட்டமே இருக்காது. லேக்கை, அதாவது இணைப்பின் தாமதத்தை, ஈடுகட்ட சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, சுட்டவர் திரையில் எதிராளி எங்கே தெரிந்தாரோ அங்கே வைத்துக் கணக்குப் பார்க்கிறது. அதன் விளைவு இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுட்டவருக்கு பிங் 80 மில்லிவினாடி, செத்தவருக்கும் 80. எதிராளியின் அசைவு வெட்டி வெட்டித் தெரியாமலிருக்கத் திரையில் வேண்டுமென்றே வைக்கும் தாமதம் 100. மொத்தம் 260. வினாடிக்கு 5 மீட்டர் ஓடுபவர் அதற்குள் 1.3 மீட்டர் கடந்திருப்பார். அவர் கண்ணுக்குச் சுவர் தாண்டியாயிற்று, சர்வருக்கு இன்னும் தாண்டவில்லை. இருவருமே நேர்மையான ஆட்கள்.

பார்க்க வேண்டியது, எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக சர்வரை விட்டிருக்கிறீர்கள் என்பதை. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் கேம் எஞ்சினில் இந்த வரம்பு இயல்பாக 1 வினாடி. போட்டி கேமுக்கு அது ரொம்பத் தாராளம். 200 முதல் 250 மில்லிவினாடிக்குள் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் பிங் உள்ளவர் கொஞ்சம் முன்கூட்டிக் குறிபார்த்துச் சுடட்டும். அவருக்கு அது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டத்தை எதிராளி தலையில் கட்டுவது இன்னும் அநியாயம்.

இதில் ஒரு உண்மையான கள்ளாட்டமும் ஒளிந்திருக்கும். சண்டை நடக்கும்போது மட்டும் இணைப்பை அரை வினாடி துண்டித்து, மற்றவர் திரையில் உறைந்து நின்றபடி ஆளைக் கொன்றுவிட்டு, மறுபடி இணைப்பைத் திறப்பது. பதிவில் ஒருவரின் பாக்கெட் இழப்பை எடுத்து, அது மேட்ச் முழுக்கச் சிதறியிருக்கிறதா, எதிராளி பக்கத்தில் வரும்போது மட்டும் எகிறுகிறதா என்று பாருங்கள். மோசமான நெட்வொர்க்குக்கு எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரியாது.

"ஒருத்தன் பைக் மாதிரி ஓடுறான், இன்னொருத்தன் பறக்குறான்"

இது உங்கள் தப்பு. தயங்காமல் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆடுபவரின் கருவி "நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று அனுப்ப, சர்வர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறது. எந்த இடம் என்று அது சொல்லக் கூடாது. "முன்னே நகரும் பொத்தானை அழுத்தினேன்" என்பதை மட்டும் அது சொல்லட்டும். இடத்தைச் சர்வர் கணக்கிடட்டும்.

இதைச் செய்த பிறகும் வேகம் கூடுகிறது என்றால் நேரத்தைத் திருடுகிறார்கள். ஒவ்வொரு கட்டளையோடும் "இது இத்தனை மில்லிவினாடிக்கான நகர்வு" என்று ஒரு எண் வரும். கருவியின் கடிகாரத்தை வேகப்படுத்தினால், ஒரு வினாடிக்குள் ஒன்றரை வினாடிக்கான கட்டளைகள் வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் ஒரு நேரக் கணக்கு வையுங்கள். சர்வரின் கடிகாரம் ஓடும் வேகத்தில் அதில் வரவு, கட்டளை வர வரச் செலவு. இருப்பு தீர்ந்தால் அந்தக் கட்டளையை நிறைவேற்றாதீர்கள். சேமித்து வைக்கக்கூடிய இருப்புக்கும் ஒரு உச்சவரம்பு போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவன் சும்மா நின்று நேரம் சேர்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்வான்.

உடனே தடை மட்டும் செய்யாதீர்கள். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவருக்கு 400 மில்லிவினாடி இணைப்பு அறுந்து திரும்பி வந்தால், 2.4 மீட்டர் தாவுவது போலத் தெரியும். பேருந்தில் போய்க்கொண்டே ஆடுகிறவர்களுக்கு இது சகஜம். ஒரு டிக்கை (சர்வரின் ஒரு கணக்கீட்டுச் சுற்றை) வைத்து முடிவெடுக்காமல், பல வினாடிகளின் சராசரியைப் பாருங்கள். அதற்குள் ஆளைப் பழைய இடத்துக்கே இழுத்து விட்டால் போதும். வேகமாக ஓடிப் பயனில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள்.

இதே புத்தி குண்டு சேதத்துக்கும் பொருந்தும். "நான் அவனை 90 புள்ளி அடித்தேன்" என்று ஆடுபவரின் கருவி சொல்ல சர்வர் நம்பினால், மூடிய அறையில் உட்கார்ந்தபடியே மேட்ச் முழுவதையும் ஒருவன் முடித்துவிடலாம். எந்த டிக்கில், எந்தத் திசையில் சுட்டான் என்பது மட்டும் வரட்டும். தோட்டா இருந்ததா, பட்டதா என்பது சர்வரின் கணக்கு.

"எங்க ஒளிஞ்சாலும் நேரா என்கிட்டதான் வர்றான்"

வால்ஹேக், அதாவது சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டும் ஹேக். ஆடுபவரின் கருவிக்குப் போன தகவலை அவர் பார்க்காமல் தடுக்க எந்த வித்தையும் கிடையாது. நினைவகத்தில் குறியாக்கம் செய்யலாம், பெயரை மாற்றி வைக்கலாம். ஒரு வாரம் தாங்கும். உறுதியான வழி, தெரியக் கூடாததை அனுப்பாமலே இருப்பதுதான்.

2020இல் வந்த வாலரன்ட் கேமில் ரயட் நிறுவனம் இதைத்தான் செய்தது. எதிராளி கண்ணில் படப்போகிறார் என்ற நிலை வரும் வரை அவருடைய இடத்தைச் சர்வர் அனுப்பாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற மேலிருந்து பார்க்கும் கேம்களில் மூடுபனி விதி (பார்வைக்கு எட்டாத எதிராளியை மறைப்பது) ஏற்கெனவே உண்டு. முதல் நபர் பார்வையில் அதைக் கொண்டுவருவதுதான் சிரமம். ஓடி வந்து மூலையில் திரும்பும் ஆள் திடீரென்று காற்றில் முளைப்பது போல ஆகிவிடும். அதைத் தவிர்க்க, பிங்குக்கு ஏற்பக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் ஹேக்கருக்கும் கிடைக்கும், பரவாயில்லை. மேட்ச் முழுக்கத் தெரிவதற்கும் அரை வினாடி தெரிவதற்கும் நிறைய வித்தியாசம்.

பெரிய திறந்தவெளி மேப்பில் நூறு பேருக்கும் டிக் தவறாமல் பார்வைக்கோடு கணக்கிட்டால் சர்வர் செலவு எகிறும். அப்படியானால் சுலபமானவற்றிலிருந்து தொடங்குங்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ளவரை அனுப்பாதீர்கள். மூடிய கட்டடத்துக்குள் இருப்பவரை வெளியே உள்ளவருக்கு அனுப்பாதீர்கள். பெட்டிக்குள் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதைத் திறக்கும்போது சொன்னால் போதும். பலர் கோட்டைவிடுவது காலடிச் சத்தத்தில்: ஆளை மறைத்துவிட்டு, சத்தம் எழுப்புவதற்காக அவருடைய துல்லியமான இடத்தை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். திசையும் தோராயத் தூரமும் போதும்.

மீதியிருப்பவர்களைப் பிடிக்கப் பொறி வைக்கலாம். 2023 பிப்ரவரியில் வால்வ், டோட்டா 2 கேமுக்குள் ஒரு தரவுப் பகுதியைச் சேர்த்தது. சாதாரணமாக ஆடும்போது யாரும் அதைப் படிக்கவே வாய்ப்பில்லை. படித்தவர்கள் கள்ள மென்பொருள் வைத்திருந்தவர்கள் மட்டுமே. 40,000க்கும் மேற்பட்ட அக்கவுண்டுகள் ஒரே அடியாகப் போயின. சின்னக் குழுவுக்கு எட்டாத வித்தை இல்லை இது. இல்லாத ஒரு எதிராளியை, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் தரவாக மட்டும் வைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்த 'ஆளை' யாருடைய குறி திரும்பத் திரும்பத் தொடர்கிறது என்று பார்க்கலாம்.

"தலையைத் தவிர வேற எங்கயுமே அடிக்கல"

குறியைத் தானாகவே எதிராளி மேல் வைக்கும் எய்ம்பாட்தான் சர்வர் கட்டுப்பாட்டுக்கு அடங்காத ஒன்று. விதிகளுக்கு உட்பட்டே சுடுகிறான், மனிதனை விட நன்றாகச் சுடுகிறான், அவ்வளவுதான். ஹெட்ஷாட் விகிதத்தை மட்டும் வைத்துத் தடை செய்தால் உங்கள் கேமின் சிறந்த ஆட்டக்காரர்களை முதலில் துரத்துவீர்கள். ஒரே ஆயுதம், ஒரே ரேங்க், ஒரே வகைக் கருவி என்று ஒப்பிடுங்கள். மொபைல் கேமைக் கணினியில் எமுலேட்டர் மூலம் மவுஸ் வைத்து ஆடுகிறவர் தொடுதிரைக்காரர்களுக்கு நடுவே ஹேக்கர் மாதிரியே தெரிவார். பப்ஜி மொபைல் எமுலேட்டர்காரர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்து ஆட விட்டதும் அதனால்தான்.

நான் அதிகம் நம்புவது, எதிராளி கண்ணில் பட்டதற்கும் குறி அவர் மீது வந்து நின்றதற்கும் இடையிலுள்ள நேரம். மனிதருக்குக் கண்ணில் பட்டுக் கை அசைய சுமார் 200 மில்லிவினாடி ஆகும். ஒருமுறை 80 வந்தால் முன்கூட்டியே யூகித்திருப்பார். நூறு சண்டையில் எழுபதுக்கு 80 வந்தால் அது கை இல்லை.

ஆனாலும் இயந்திரம் சந்தேகப்படட்டும், தீர்ப்பை மனிதர் சொல்லட்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் வால்வ் இப்படித்தான் போனது. 2018இல் ஒரு மாநாட்டில் அவர்கள் சொன்ன கணக்கு சுவாரஸ்யமானது: ஆட்டக்காரர்கள் புகார் செய்து வந்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தன, இயந்திரக் கற்றல் தேர்ந்தெடுத்து அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம். தோற்றவன் அழுத்தும் ரிப்போர்ட் பொத்தானுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு இந்த எண்கள் போதும். எந்த ரீப்ளேயை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ரிப்போர்ட் வந்தால் தானாகத் தடை என்று எந்தக் காலத்திலும் வைக்காதீர்கள். ஒரு யூடியூபரின் கூட்டம் நினைத்தால் யாரை வேண்டுமானாலும் வெளியேற்றிவிடும்.

"காலையில பான் பண்ணினா மதியம் புதுப் பேர்ல வர்றான்"

இலவச கேமின் தலைவலி இதுதான். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் இங்கே கோட்டைவிட்டால் வீண்.

முதலில் எல்லோரும் கை வைப்பது ஐபி தடையில். வேண்டாம். மொபைல் நெட்வொர்க்குகளில் ஏராளமானோர் ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒருவன் செய்த தப்புக்குத் தெருவையே பூட்டுவது போலாகும். அவனோ ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்தால் வேறு முகவரியில் வந்துவிடுவான். கருவியின் அடையாளத்தை வைத்துத் தடுப்பது கொஞ்சம் பலன் தரும். ஆனால் அதை மாற்றிக் காட்டும் மென்பொருளும் விற்பனையில் இருக்கிறது. பழைய போனை வாங்கிய அப்பாவியும் மாட்டுவார்.

அடுத்தது தொலைபேசி எண். இந்தியாவில் சிம்முக்கு அடையாளச் சான்று வேண்டும் என்பதால் இது மற்ற பல நாடுகளை விட வலுவான தடைதான். ஆனால் வீட்டில் அப்பா எண்ணில் இரண்டு பிள்ளைகள் ஆடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரே அக்கவுண்ட் என்றால் தம்பி வெளியே நிற்பான். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 இலவசமாக வந்தபோது பிளிசார்ட் எல்லோரிடமும் எண் கேட்டது. ப்ரீபெய்டு எண்கள் செல்லாது என்று தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். நுழைவாயிலிலேயே எண் கேட்காமல், ரேங்க் மேட்சுக்குள் நுழையும்போது கேட்பது நல்லது. அதற்குள் ஆளுக்குக் கேம் பிடித்திருக்கும்.

காசு வாங்கித் தடுக்கும் வழியும் உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் 2018 டிசம்பரில் இலவசமானது. நம்பகமான அக்கவுண்டுகளோடு ஆட விடும் ப்ரைம் நிலைக்குப் போக காசு கட்டலாம், அல்லது ஆடி ஆடி 21ஆம் நிலையை எட்டலாம். 2021 ஜூனில் அந்த இலவச வழியை அடைத்து, ரேங்க் மேட்சையும் ப்ரைம்காரர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஏன்? அக்கவுண்டை 21 வரை பாட் (தானாக ஆடும் நிரல்) வைத்து ஏற்றி விற்பது சுலபமாக இருந்தது. நேரம் மட்டுமே தடை என்றால் இயந்திரத்துக்கு நேரம் இலவசம் என்பது இதில் புரியும்.

ஆனால் வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். காசு கட்டாத புது ஆட்டக்காரரும், தடை பெற்றுத் திரும்பி வந்த ஹேக்கரும் ஒரே கூட்டத்தில் விழுகிறார்கள். கேமை முதல்முறை திறக்கும் பையனுக்கு நீங்கள் காட்டும் முகம் அதுதான். டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விஷயத்தில் 2020இல் எய்ம்பாட் ஸ்னைப்பர் பாட்டுகள் சாதாரண மேட்சுகளை நிரப்பியபோது, காசு செலவழிக்காத அக்கவுண்டுகளின் சாட்டை முடக்கினார்கள். பாட்டுகள் தொடர்ந்து சுட்டன, புதிதாக வந்த மனிதர்கள் மட்டும் ஊமையானார்கள்.

அதனால் நான் சொல்வது இது. முதல் சில மேட்சுகளைப் பெரும்பாலும் உங்கள் சொந்த பாட்டுகளோடு ஆட விடுங்கள். அதுவே பயிற்சி, அதுவே கவனிப்புக் காலம். அங்கேயே மனிதனுக்குச் சாத்தியமில்லாத குறி தெரிந்தால், எந்த ஆட்டக்காரரும் பாதிக்கப்படாமல் வெளியேற்றிவிடலாம். அப்புறம் அக்கவுண்டின் வயது, சரிபார்த்த எண், எப்போதாவது செய்த சிறு கொள்முதல், உறுதியான ரிப்போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்த ஒரு நம்பகப் புள்ளி வைத்து, அருகருகே புள்ளி உள்ளவர்களைச் சேர்த்து ஆட விடுங்கள். வால்வ் 2017இல் கொண்டுவந்த டிரஸ்ட் ஃபாக்டர் இந்த வகைதான். புள்ளி எப்படிக் கணக்காகிறது என்பதை வெளியே சொல்லாதீர்கள்.

சந்தேகத்துக்குரியவர்களைத் தனித் தீவில் சேர்த்து ஆட விடலாமா? ஆசையைத் தூண்டும் யோசனை. ஃபால் கைஸ் 2020இல் வெளிவந்த புதிதில் இதைச் செய்தது. மேட்சைத் தொடங்கத் தேவையான ஆள் சேராமல் ஹேக்கர்கள் விழுந்துகொண்டே இருக்க, அவர்கள் அதை கேமின் பிழை என்று வீடியோ எடுத்துப் போட்டதுதான் மிச்சம். கால் ஆஃப் டியூட்டியின் ஆன்டி-சீட்டான ரிகோஷே வேறு மாதிரி விளையாடுகிறது: ஹேக்கர் சுட்டால் எதிராளிக்கு உருப்படியான சேதம் ஆகாது. அவன் புது அக்கவுண்ட் தொடங்க அவசரப்படுவதில்லை, உங்களுக்கும் தரவு சேர்கிறது. சின்னக் குழுவுக்கு இந்த இரண்டாவது வழி பரிந்துரைப்பேன். ரேங்க் மேட்சில் மட்டும் வேண்டாம். அங்கே கையும் களவுமாகப் பிடித்தால் மேட்சையே நிறுத்தி, தோற்ற பக்கத்தின் புள்ளிகளைத் திருப்பிக் கொடுங்கள். கூடவே கூட்டாகச் சேர்ந்து ஏறியவனின் புள்ளிகளையும் பிடுங்குங்கள். ஹேக்கரின் தோளில் ஏறி ரேங்க் வாங்குகிறவர்கள் இருக்கும் வரை அதற்குச் சந்தை இருக்கும்.

"ஜெம் விற்பனையை விட ஜெம் செலவு அதிகமா இருக்கு"

ஜெம் என்பது கேமுக்குள் செலவழிக்கும் பணம். இந்தக் குறை ஆட்டக்காரர் புகாரில் வராது, உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரும். மூன்று இடத்தைப் பாருங்கள். வாங்கியதற்கான ரசீதைப் போனிலேயே சரிபார்த்துவிட்டு ஜெம் தருகிறீர்களா? கூகுள், ஆப்பிள் சர்வர்களிடம் உங்கள் சர்வரே கேட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒரு ரசீது ஒருமுறைதான் செல்ல வேண்டும். வாங்கிச் செலவழித்துவிட்டு ரீஃபண்ட் கேட்கிறார்களா? ரத்தான கொள்முதல்களின் பட்டியலை கூகுள் ப்ளே தருகிறது, அதைத் தினமும் எடுத்து இருப்பில் கழியுங்கள். ஒரே பொருளை இரண்டு பேருக்கு ஒரே நொடியில் பரிமாறி இரட்டிப்பாக்குகிறார்களா? கழிப்பதும் சேர்ப்பதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்ப வராத ஒரு எண் வேண்டும்.

"ஆன்டி-சீட் போட்டாச்சு, அப்படியும் வர்றாங்க"

கணினி கேம் என்றால் ஈஸி ஆன்டி-சீட் 2021 முதல் எபிக்கின் ஆன்லைன் சேவைகளோடு இலவசமாகவே கிடைக்கிறது. போடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஹேக்குகள் நின்றுவிடும். காசு கொடுத்து வாங்குவது நிற்காது. வாலரன்டின் வேன்கார்ட் கணினி தொடங்கும்போதே விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதையும் தாண்ட, கேம் ஓடும் கணினியின் நினைவகத்தைத் தனி வன்பொருள் அட்டை வழியாக இன்னொரு கணினியில் படிக்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் நாலு பேர் குழு ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. அவர்கள் படித்தாலும் பயன்படாத அளவுக்குக் குறைவாக அனுப்புங்கள்.

மொபைல் கேம் என்றால், ஆப் மாற்றப்படாத அசல்தானா என்று சொல்லும் சேவைகள் உண்டு: ஆண்ட்ராய்டில் ப்ளே இன்டெக்ரிட்டி, ஐபோனில் ஆப் அட்டெஸ்ட். பதிலைச் சரிபார்ப்பது சர்வரில் நடக்கட்டும், ஒவ்வொரு முறையும் புதிய எண்ணோடு கேளுங்கள். ரூட் செய்த (உள் கட்டுப்பாடுகளை நீக்கிய) போன் என்பதற்காக மட்டும் தடை செய்யாதீர்கள். நம்பகப் புள்ளியைக் குறைத்தால் போதும்.

"நான் எதுவுமே பண்ணல, என்னைத் தடை பண்ணிட்டீங்க"

பொய் சொல்பவர்கள்தான் அதிகம். ஆனால் எல்லோரும் இல்லை. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் டிரைவரில் லேக் குறைக்கும் ஒரு வசதியைக் கொடுத்தது. அது கேமின் உள்நிரலில் கைவைத்ததால், அதை இயக்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டக்காரர்கள் தடை வாங்கினார்கள். டிரைவரைத் திரும்பப் பெற்று, தடைகளை நீக்க வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் போட்டியின் நடுவிலேயே இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களின் திரையில் வால்ஹேக்கும் எய்ம்பாட்டும் தானாக முளைத்தன. யாரோ வெளியிலிருந்து புகுத்தியது. இறுதிச் சுற்றையே தள்ளிவைத்தார்கள்.

ஆக, ஒரே நாளில் ஒரே காரணக் குறியீட்டில் தடைகள் எகிறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கண்டுபிடிப்பானை. அன்று என்ன பேட்ச் போனது, எந்த டிரைவர் வந்தது, ஒரே மாடல் போன்களா என்று பாருங்கள். புதிய கண்டுபிடிப்பானை முதல் சில வாரம் தடை செய்யாமல் குறிப்பு மட்டும் எடுக்க விட்டு, அது காட்டியவர்களின் ரீப்ளேயைக் கண்ணால் பார்த்த பிறகு அதிகாரம் கொடுங்கள். முறையீட்டைப் படிப்பவர் தடை போட்டவராக இருக்கக் கூடாது. இரண்டு பேர் குழு என்றாலும் மற்றவர் படிக்கட்டும். எந்த ஹேக் என்று விளக்காமல், எந்தத் தேதி, எந்த மேட்ச் என்று மட்டும் பதிலில் சொல்லுங்கள். தவறு உங்களுடையது என்றால் அக்கவுண்டோடு அந்த நாட்களில் காலாவதியான பாஸ், தவறிய நிகழ்வுப் பரிசு எல்லாவற்றையும் சேர்த்தே திருப்பிக் கொடுங்கள், நம்பகப் புள்ளியையும் பழைய இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தடை நீங்கிய ஆள் அடுத்த ஒரு மாதம் ஹேக்கர்களோடு சேர்ந்தே மேட்ச் ஆடிக்கொண்டிருப்பார்.